லாக் புக்கிலும் பெர்மிட்டிலும் வரும் ஆங்கிலம்: ஒரு திறந்த மடல்

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டைகளில் ஐடிஐ, டிப்ளமோ முடித்து வேலை பழகும் தம்பி தங்கைகளுக்கு,

தொழிற்சாலைக்குள் ஆங்கிலம் பேச்சாக வருவதைவிட எழுத்தாகத்தான் அதிகம் வருகிறது. லாக் புக், வொர்க் பெர்மிட், மெஷினோடு வந்த மேனுவல், கெமிக்கல் டிரம்மில் ஒட்டிய லேபிள், கையில் வாங்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எல்லாம் ஆங்கிலம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்த ஏற்பாடு அறிவிப்புப் பலகையோடு நின்றுவிட்டது. லாக் புக்கும் மேனுவலும் அதற்குள் வரவில்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியில் தமிழும் தெலுங்கும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்தவர்களின் ஒடியாவும் இந்தியும் ஒரே ஷெட்டில் கலந்து ஒலிக்கின்றன. அத்தனை பேருக்கும் பொதுவாக மிஞ்சுவது, பலருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலம்தான்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் வணக்கம் சொல்வதிலும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதிலும் தொடங்குகின்றன. ஷாப் ஃப்ளோரில் சிக்கல் வருவது அங்கே அல்ல. 'தி', 'பை', 'மே', 'அன்டில்', 'யெஸ்' போன்ற குட்டிச் சொற்களில்தான் வருகிறது. இவை வராது என்று பள்ளியிலேயே கைவிட்டவர்கள் ஏராளம். ஆனால் இந்தச் சொற்கள் காட்டும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை அன்றாடத் தமிழ்ப் பேச்சிலேயே இருக்கின்றன. உருபாகவும் விகுதியாகவும் சொல்லோடு ஒட்டிக்கிடப்பதால் கண்ணில் படுவதில்லை. அவற்றை அடையாளம் கண்டுகொண்டால் பாதி இலக்கணம் வந்துவிடும். தமிழும் ஆங்கிலமும் எதிரெதிராகப் போகிற இடங்கள் சிலவே. தனியாக உட்கார்ந்து பழக வேண்டியவை அவைதான்.

முதலில் 'தி'. தமிழில் இதற்கு நிகரான சொல் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். சொல் இல்லைதான், அந்த வேலையைச் செய்ய உருபு இருக்கிறது. "போல்ட் எடுத்துட்டு வா" என்றால் ஏதோ ஒரு போல்ட். "போல்ட்டை எடுத்துட்டு வா" என்றால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்த அந்த போல்ட். இரண்டாம் வேற்றுமையின் 'ஐ' இங்கே என்ன செய்கிறதோ அதையே "பிரிங் தி போல்ட்" என்பதில் 'தி' செய்கிறது. 'ஐ' இல்லாத வாக்கியம் "பிரிங் அ போல்ட்" ஆகிறது. லாக் புக்கில் இதன் மதிப்பு தெரியும். "ஒரு பேரிங் போயிடுச்சு, பேரிங்கை மாத்தியாச்சு" என்று வாயில் வருவது எழுத்தில் "அ பேரிங் ஃபெயில்ட். தி பேரிங் வாஸ் ரீப்ளேஸ்ட்" ஆகும். இரண்டாம் வாக்கியத்தில் 'தி' இருக்க வேண்டிய இடத்தில் 'அ' விழுந்தால், கெட்டது ஒன்று, மாற்றியது வேறொன்று என்றே அடுத்த ஷிஃப்ட்டில் படிப்பவர் எடுத்துக்கொள்வார். கெட்ட பேரிங் இன்னும் உள்ளேயே இருக்கிறதோ என்று மெஷினைத் திறந்து பார்க்கவும் நேரும்.

இந்த வழிக்கு எல்லை உண்டு. 'ஐ' செயப்படுபொருளில்தான் வரும், எழுவாயில் வராது. எழுவாய்க்கு "அந்த" என்ற சொல்லைச் சேர்த்துப் பார்க்கலாம். சேர்த்தும் கருத்து மாறவில்லை என்றால் ஆங்கிலத்தில் 'தி' பொருந்தும். மனிதரைக் குறிக்கும் சொல்லில் 'ஐ' எப்படியும் ஒட்டிவிடுவதால் "ஹெல்பரைக் கூப்பிடு" என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. பொருளின் பொதுத் தன்மையைச் சொல்லும்போது 'தி', 'அ' இரண்டுமே வேண்டாம்: "ஸ்டீல் ரஸ்ட்ஸ்" என்றால் எஃகு பொதுவாகத் துருப்பிடிக்கும், "தி ஸ்டீல் ஹேஸ் ரஸ்டட்" என்றால் யார்டில் கிடக்கும் குறிப்பிட்ட லாட் துருவேறிவிட்டது.

'அ', 'அன்' இரண்டில் எது என்பதை எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'அன்'. எனவே "அன் ஹவர்", "அன் எம்எஸ்டிஎஸ்", "அன் ஈஓடி கிரேன்", "அன் ஐடிஐ சர்ட்டிஃபிகேட்". "யூ", "ஒன்" போன்றவை எழுத்தில் உயிராக இருந்தாலும் வாயில் யகரமாகவும் வகரமாகவும் ஒலிப்பதால் "அ யூபிஎஸ்", "அ யூனிட்", "அ ஒன்-டன் ஹாய்ஸ்ட்".

காலம் காட்டும் சொற்களிலும் தமிழ் உதவும். "2021லேருந்து இங்க வேலை பாக்கறேன்", "மூணு வருஷமா இங்க வேலை பாக்கறேன்" என்ற இரண்டையும் யாரும் குழப்புவதில்லை. 'லேருந்து' தொடங்கிய புள்ளியைக் காட்டுகிறது, அது 'சின்ஸ்'. 'ஆ' கடந்த நீளத்தைக் காட்டுகிறது, அது 'ஃபார்'. "சின்ஸ் 2021", "ஃபார் த்ரீ இயர்ஸ்" என்பதே சரி. "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" தவறு. வினையில் மட்டும் தமிழ் வழிமாற்றிவிடும். தமிழ் நிகழ்காலத்தில் "பாக்கறேன்" என்பதால் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021" என்று வந்துவிடுகிறது. அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ஆங்கிலம் கேட்பது "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்". இன்டர்வியூவில் அடிக்கடி வரும் வாக்கியம் என்பதால் இதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்வதில் தவறில்லை.

'ஹேவ்', 'ஹேஸ்' சேர்ந்து வரும் வினை தமிழின் "நிறுத்தியிருக்கு", "மாத்தியிருக்கு" என்பதற்கு நெருக்கமானது: செயல் முடிந்தது, அதன் விளைவு இப்போதும் நிற்கிறது. "தி பம்ப் ஹேஸ் பீன் ஸ்டாப்டு" என்றால் பம்ப் இந்த நிமிடமும் நின்றே இருக்கிறது. "தி பம்ப் வாஸ் ஸ்டாப்டு அட் 4.20" என்றால் 4.20க்கு நிறுத்தினார்கள், அவ்வளவுதான். 5 மணிக்கு மறுபடி ஓட்டியிருக்கலாம். காலை 6 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது பம்ப் நிற்கிறதா ஓடுகிறதா என்பதுதான் வருகிறவருக்குத் தெரிய வேண்டியது. அதனால் நேரத்தோடு எழுதிய வரிக்குப் பின் இப்போதைய நிலையையும் ஒரு வரி எழுதுவது நல்ல பழக்கம்: "இட் இஸ் ஸ்டில் ஆஃப்." தமிழில் "நேத்து மாத்தியிருக்கேன்" என்று சொல்வதில் குறையில்லை. ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' என்றோ கடிகார நேரமோ எழுதிவிட்டால் 'ஹேவ்' வராது: "ஐ ரீப்ளேஸ்ட் இட் யெஸ்டர்டே."

"அஞ்சு மணிக்குள்ள முடி" என்பதற்கும் "அஞ்சு மணி வரைக்கும் ஓட்டு" என்பதற்கும் உள்ள தூரம்தான் 'பை'க்கும் 'அன்டில்'லுக்கும். தமிழ் 'குள்ள' இரண்டு வேலை செய்கிறது. கடிகார நேரத்தோடு வந்தால் 'பை': "பை ஃபைவ் ஓ க்ளாக்". கால அளவோடு வந்தால் 'விதின்': "விதின் ஃபைவ் அவர்ஸ்".

இனி, தமிழும் ஆங்கிலமும் நேருக்கு நேர் மோதும் இடம். பேனல் ரூமிலிருந்து வாக்கி டாக்கியில் ஒரு கேள்வி வருகிறது: "ஹேவ்ன்ட் யூ க்ளோஸ்ட் தி ஸ்டீம் வால்வ்?" காதில் வாங்குபவர் மனதில் அது "ஸ்டீம் வால்வை மூடலையா?" என்று விழுகிறது. வால்வு மூடப்படவில்லை. தமிழில் வரும் இயல்பான பதில் "ஆமா சார், மூடல." அதுவே சுருங்கி "யெஸ் சார்" என்று போகிறது. ஆங்கில வழக்கில் அந்த 'யெஸ்'ஸுக்கு ஒரே பொருள்: மூடியாகிவிட்டது. அதை நம்பி அடுத்தவர் ஃபிளாஞ்சைக் கழற்றப் போவார்.

தமிழில் 'ஆமாம்' என்பது கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்வது. ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் நடந்ததைப் பார்த்துச் சொல்வது. கேள்வி எப்படி வந்தது என்பதைப் பொருட்படுத்துவதில்லை. வேலை நடந்திருந்தால் 'யெஸ்', நடக்காவிட்டால் 'நோ'. தமிழில் "இல்ல சார், மூடல" என்றும் சொல்லலாம் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. தெலுங்கும் இந்தியும் இந்த விஷயத்தில் தமிழோடுதான் நிற்கின்றன. ஜப்பானிய, கொரிய மொழிகளும் அப்படியே. ஆகவே எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் இருக்கும் ஜப்பானிய கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தால், அவருடைய 'யெஸ்'ஸும் தமிழ் 'ஆமாம்' போல இருக்க வாய்ப்புண்டு. ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்தவருடைய 'யெஸ்' அப்படி இருக்காது. இதை விதியாக நினைவில் வைத்துக்கொண்டு அவசரத்தில் பயன்படுத்துவது யாருக்குமே கடினம். தனி 'யெஸ்', தனி 'நோ' இரண்டையும் விட்டுவிட்டு நிலைமையை முழு வாக்கியமாகச் சொல்வதே காப்பு: "தி ஸ்டீம் வால்வ் இஸ் ஓபன்." கேள்வி கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. 'ஹேவ்ன்ட்', 'டிட்ன்ட்' என்று எதிர்மறையில் தொடங்காமல் "இஸ் தி வால்வ் ஓபன் ஆர் க்ளோஸ்ட்?" என்று கேட்டால் பதில் பிசக வழியில்லை. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்ளும் சர்வதேச வழக்கில் 'யெஸ்', 'நோ' என்ற குட்டிச் சொற்களை விட்டு 'அஃபர்ம்', 'நெகடிவ்' என்று வைத்திருப்பதும், கிடைத்த உத்தரவைத் திருப்பிச் சொல்லவைப்பதும் செய்தி பிசகாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான்.

கட்டளைச் சொற்கள் அடுத்தவை. பேச்சுத் தமிழில் "மாஸ்க் போட வேண்டாம்" என்பது தடையாகவும் இருக்கலாம், தேவையில்லை என்பதாகவும் இருக்கலாம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவைத்திருக்கிறது. 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது. 'நீட் நாட்', 'டோன்ட் ஹேவ் டு' என்றால் வேண்டியதில்லை. "போட வேண்டும்" என்பது 'மஸ்ட்' ஆகும்போது "போட வேண்டாம்" என்பது 'மஸ்ட் நாட்' ஆகத்தானே வேண்டும் என்று கணக்குப் போடுவதில்தான் தவறு நேர்கிறது. எழுதுமுன் தமிழிலேயே 'கூடாது', 'வேண்டியதில்லை' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் ஆங்கிலச் சொல் தானாக அமையும். 'மே நாட்' மட்டும் இன்னும் வழுக்கும். அனுமதி இல்லை என்றும் நடக்காமல் போகலாம் என்றும் இரண்டு பொருள் அதற்கு உண்டு. எச்சரிக்கை எழுதும்போது அதைத் தவிர்ப்பதே நல்லது.

தர ஆவணங்களில் இந்தச் சொற்களின் எடை கறாராக வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஐஎஸ்ஓ தரநிலைகளில் 'ஷால்' கட்டாயம், 'ஷுட்' பரிந்துரை, 'மே' அனுமதி, 'கேன்' இயலும் தன்மை. ஆடிட்டர் வந்து 'ஷால்' உள்ள வரியைக் கையால் தொட்டுக் காட்டினால் அதற்கு ஆதாரம் இருந்தாக வேண்டும். சூப்பர்வைசர் வாயால் சொல்லும் 'ஷுட்' வேறு. அது பெரும்பாலும் மரியாதைக்காகத் தணித்துச் சொன்ன உத்தரவு.

'அன்லெஸ்', 'அன்டில்' இரண்டும் பெர்மிட்டில் தவறாமல் வருபவை. வாயு தங்கியிருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய்க்குள் ஆளை இறக்குவது பற்றிய தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு இந்த இரண்டின் மேல்தான் நின்றது. வாயுவை வெளியேற்ற இயன்ற எல்லா நடவடிக்கையும் எடுக்கப்படும் வரை யாரும் இறங்கக் கூடாது, இது 'அன்டில்'. தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தந்தாலொழிய, அல்லது இறங்குகிறவர் மூச்சுக் கருவியும் கயிறு பிணைத்த பெல்ட்டும் அணிந்தாலொழிய இறங்கக் கூடாது; இது 'அன்லெஸ்'. 'தந்தாலொழிய' என்பதில் உள்ள 'ஒழிய'தான் 'அன்லெஸ்'. அதற்குள்ளேயே எதிர்மறை அடங்கியிருப்பதால் பின்னால் இன்னொரு 'நாட்' சேர்க்கக் கூடாது. 'அன்டில்'லில் வரும் தவறும் இதுவே. தமிழில் "பிரஷர் இறங்கற வரைக்கும் திறக்காதே", "பிரஷர் இறங்காத வரைக்கும் திறக்காதே" என்று இரண்டு விதமாகவும் சொல்கிறோம். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு "அன்டில் தி பிரஷர் டஸ் நாட் ட்ராப்" என்று எழுதினால் அர்த்தம் கவிழ்ந்துவிடும். "டு நாட் ஓபன் தி லிட் அன்டில் தி பிரஷர் ட்ராப்ஸ் டு ஜீரோ" என்பதே முறை.

எண்ணோடு வரும் 'பை', 'டு' இரண்டுக்கும் தமிழில் வழி தெளிவு. "இருபது டிகிரி ஏத்து" என்றால் இருப்பதோடு 20 கூட்டு; "எண்பது டிகிரிக்கு ஏத்து" என்றால் 80இல் கொண்டுபோய் நிறுத்து. 'கு' இருந்தால் 'டு', இல்லாவிட்டால் 'பை'. 60 டிகிரியில் இருக்கும் ஆயில் பாத்தை "பை 80" என்று எழுதினால் அது 140க்குப் போகும். 'லிட்டில்', 'அ லிட்டில்' என்பவற்றின் வேறுபாடு இன்னும் அழகாகப் பிடிபடும். "கியர் பாக்ஸில ஆயில் கொஞ்சம் இருக்கு" என்றால் 'அ லிட்டில்', ஓட்டலாம். "கொஞ்சம்தான் இருக்கு" என்றால் 'லிட்டில்'; ஊற்றியாக வேண்டும். அந்தத் 'தான்' வந்தால் 'அ' விலகிவிடுகிறது. எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃப்யூ', 'அ ஃப்யூ' என்று இதே கணக்கு. 'நாட் லெஸ் தேன்' என்பது குறையாமல், 'நாட் மோர் தேன்' என்பது மிகாமல்.

டேங்கர் லாரிகளின் பின்னால் எழுதியிருக்கும் 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல் கற்பவரை ஏமாற்றக்கூடியது. 'இன்கம்ப்ளீட்', 'இன்கரெக்ட்' போன்றவற்றில் 'இன்' எதிர்மறை என்பதால், தீப்பிடிக்காதது என்று எண்ணத் தோன்றும். பொருள் அதற்கு நேர்மாறு. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டும் எளிதில் தீப்பற்றும் என்பதே. தீப்பற்றாதது 'நான்-ஃப்ளேமபிள்'. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் தடுமாறுவார்கள் என்பதால்தான் அமெரிக்காவின் தேசியத் தீ பாதுகாப்புச் சங்கம் 1920களிலேயே 'ஃப்ளேமபிள்' என்று எழுதச் சொல்லி வற்புறுத்தத் தொடங்கியது.

'எம்ப்டி டிரம்' என்பது அதைவிட ஆழமான பொறி. மொழியியலாளராகப் பெயர்பெற்ற பெஞ்சமின் லீ வோர்ஃப் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங்; பிழைப்புக்குச் செய்தது அமெரிக்காவில் தீ காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் ஆய்வாளர் வேலை. 1939இல் எழுதிய கட்டுரையில் அவர் தான் பார்த்ததைச் சொல்கிறார். பெட்ரோல் நிறைந்த டிரம்கள் பக்கத்தில் எல்லோரும் எச்சரிக்கையாக இருந்தார்கள். காலி டிரம்கள் கிடந்த இடத்தில் அலட்சியமாகப் புகைத்தார்கள். வெடிக்கும் ஆவி நிறைந்த காலி டிரம்தான் கூடுதல் ஆபத்து. 'எம்ப்டி' என்ற சொல் திரவம் இல்லை என்பதோடு நிற்க, கேட்டவர் மனம் ஆபத்தும் இல்லை என்று படித்துவிட்டது. தமிழில் 'காலி' என்ற சொல்லும் இதையே செய்கிறது. கெமிக்கல் யூனிட்டுகளின் பின்புறம் அடுக்கியிருக்கும் காலி டிரம்களை வெல்டிங், கட்டிங் வேலைக்கு எடுக்கும் யாருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். லேபிளில் 'எம்ப்டி' என்று மட்டும் எழுதாமல் "டிரெய்ன்ட், நாட் க்ளீன்ட்" என்று எழுதலாம்.

ஒரே சொல் பல பொருளில் திரிவதைக் கட்டுப்படுத்த விமானத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. பராமரிப்பு மேனுவல்களுக்காக ஐரோப்பிய விமானத் தொழில்துறை 1980களில் உருவாக்கிய எளிமையாக்கப்பட்ட ஆங்கிலம், இன்று ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற பெயரில் வழங்குகிறது. அதில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும். விதியைக் கடைப்பிடிப்பதற்கு 'ஒபே' என்று எழுத வேண்டும். ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் பின்பற்றத் தகுந்த நல்ல வழி இது.

'ஷட் ஆஃப்', 'டர்ன் ஆன்', 'டாப் அப்' போன்ற கூட்டு வினைகளில் ஒரு விதியைக் கவனித்தால் போதும். "டர்ன் ஆஃப் தி பம்ப்", "டர்ன் தி பம்ப் ஆஃப்" இரண்டும் சரி. 'இட்' வந்தால் நடுவில்தான் நிற்கும்: "டர்ன் இட் ஆஃப்."

'எக்விப்மென்ட்', 'மெஷினரி', 'இன்ஃபர்மேஷன்' ஆகியவற்றுக்குப் பன்மை 'ஸ்' கிடையாது. 'டிஸ்கஸ்' வினைக்குப் பின் 'அபௌட்' வேண்டாம். 'பற்றி' என்று தமிழில் சொல்வதால் அது ஒட்டிக்கொள்கிறது. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' மிகை. இவற்றால் யாருக்கும் காயம் படாது, வேலையும் கெடாது. கடைசியாகத் திருத்திக்கொண்டால் போதும். இவற்றுக்காகக் கேலி செய்யப்பட்டு வாய் திறக்கவே தயங்குகிற பையன்களும் பெண்களும் ஒவ்வொரு ஷெட்டிலும் இருக்கிறார்கள். அந்தக் கேலியைச் செய்கிறவர்தான் திருந்த வேண்டும்.

எஞ்சியிருப்பது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். அதில் ஆங்கிலம் மெதுவாகப் படிக்க வேண்டியது. "யூ மே பி கன்ஃபர்ம்ட்" என்பதில் இருப்பது 'வில்' அல்ல, 'மே'; நிரந்தரம் ஆக்கலாம், ஆக்காமலும் போகலாம். "அன்லெஸ் கன்ஃபர்ம்ட் இன் ரைட்டிங்" என்றிருந்தால், எழுத்தில் தந்தாலொழிய ப்ரொபேஷன் தொடரும், வாய்ச்சொல் செல்லாது. 'சப்ஜெக்ட் டு' என்பதற்குப் பின்னால் வருவதே அந்த வரியை ஆளும் நிபந்தனை: "சப்ஜெக்ட் டு மெடிக்கல் ஃபிட்னஸ்" என்றால் மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் வேலை. 'நாட்வித்ஸ்டாண்டிங்' இதற்கு எதிர்த்திசை. பின்னால் சொல்லப்படுவது இருந்தபோதிலும், இந்த வரியே மேலோங்கும். "ஒன் மந்த்ஸ் நோட்டீஸ் ஆர் பே இன் லியூ" என்றால் ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான சம்பளம். 'ஐதர் பார்ட்டி' என்று தொடங்கினால் அந்தக் கடமை கம்பெனிக்கும் உண்டு, வேலை பார்ப்பவருக்கும் உண்டு.

பதவிப் பெயரையும் பார்க்க வேண்டும். 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி அப்ரன்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர்; தொழிலாளர் சட்டங்களின் விதிகள் அவருக்கு அப்படியே பொருந்தாது. எனவே ஆர்டரில் 'அப்ரன்டிஸ்', 'ட்ரெய்னி', 'எம்ப்ளாயி' என்ற மூன்றில் எது எழுதியிருக்கிறது, எந்தச் சட்டத்தின் கீழ் என்று குறிப்பிட்டிருக்கிறார்களா என்பதைப் படித்துவிட்டு, புரியாத வரியை ஹெச்ஆரிடம் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுவதே சரி.